தினமும் ஓட்ட ஒரு துடிப்பான வண்டி: டர்பனில் எதைப் பார்த்து வாங்குவது

காலை ஏழு மணிக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஹிக்கின்சன் நெடுஞ்சாலை வழியாக டர்பன் நகருக்குள் இறங்குகிறவருக்கு 200 கிலோவாட் எஞ்சினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முன்னால் மினிபஸ் டாக்ஸி, பக்கத்தில் துறைமுக லாரி, நூறு அடிக்கு ஒரு ரோபோ, அதாவது சிக்னல் விளக்கு. ஊருக்குள் 60, வெளியே 100, ஃப்ரீவேயில் 120. சட்டம் விட்டிருக்கும் இடம் இவ்வளவுதான். ஆகவே தினமும் ஓட்ட ஒரு துடிப்பான வண்டி வேண்டும் என்று தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி 60 கி.மீ. வேகத்தில் எப்படி இருக்கும் என்பதுதான். 200-இல் எப்படி இருக்கும் என்பது யாருக்கும் வேண்டாத விவரம்.

60-இல் ஒரு வண்டியைச் சுவையாக்குவது குறைந்த எடை. கனமான வண்டிக்குப் பெரிய எஞ்சின் வேண்டும், பெரிய எஞ்சினுக்குப் பெரிய பிரேக் வேண்டும், பெரிய பிரேக்குக்குப் பெரிய ரிம் வேண்டும், பெரிய ரிம்முக்கு விலை கூடின டயர் வேண்டும். ஒன்று கூடினால் எல்லாம் கூடும். எடை குறைந்த வண்டி இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது. ரவுண்டபௌட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும், பிரேக் மிதித்ததும் நிற்கும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போவுக்கு 103 கிலோவாட் சக்தி, 230 நியூட்டன் மீட்டர் இழுவை, 970 கிலோ எடை. ஒரு டன்னுக்கு 106 கிலோவாட். கரீகா தொழிற்சாலையில் செய்யும் போலோ ஜி.டி.ஐ.க்கு 147 கிலோவாட், எடை சுமார் 1,300 கிலோ. டன்னுக்கு 113. ஏட்டில் 44 கிலோவாட் வித்தியாசம். சாலையில் அது 7 ஆகச் சுருங்கிவிடுகிறது. டயர், பிரேக், காப்பீடு ஆகியவற்றின் செலவு மட்டும் அப்படிச் சுருங்குவதில்லை.

இழுவை எந்தச் சுழற்சியில் வருகிறது என்பது அடுத்தது. ஃபீல்ட்ஸ் ஹில்லைப் பைன்டவுனிலிருந்து க்ளூஃப் பக்கமாக ஏறிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டி, இடைவெளி கிடைத்ததும் தாண்டவேண்டிய நேரத்தில், 1,500 முதல் 3,500 ஆர்.பி.எம்.முக்குள் இழுவை தருகிற சின்ன டர்போ எஞ்சின் மூன்றாம் கியரிலேயே ஏறிவிடும். நம் பிரஸ்பெக்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்.எஸ்.ஐ. அப்படி இல்லை. அதன் 1.8 லிட்டர் 2இசட்இசட் எஞ்சின் 141 கிலோவாட் தரும். ஆனால் வால்வைத் திறக்கும் கேமின் உயரமான முனைக்கு மாறுவதே 6,000 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான். அதுவரை அது ஒரு சாதாரணக் கொரோலா. அந்த 6,000-க்கு மேல் வருகிற சத்தத்துக்காகவே அதை நேசிக்கிறவர்கள் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் உண்டு, அந்த நேசத்தில் நியாயமும் உண்டு. ஆனால் தினமும் வேலைக்குப் போய் வர அதை வாங்கினால், அந்த 6,000-ஐ வாரத்துக்கு இரண்டு தடவை தொட்டாலே அதிகம். பழைய வண்டி வேறு. அந்த மாற்றத்துக்கு உதவும் லிஃப்ட் போல்ட் தேய்ந்திருந்தால் அந்த உயர்ந்த கேம் வேலையே செய்யாது. 6,000-க்கு மேல் முடுக்கினாலும் குணம் மாறாமல் அப்படியே சுழலும். ஐந்தாவதுக்குப் போகவேண்டிய கை தவறி மூன்றாவதில் போட்டவர் யாரிடமாவது இருந்து வந்த வண்டி என்றால் ஆயில் பம்ப் கியர் உடைந்திருக்கலாம், அல்லது உடையக் காத்திருக்கலாம்.

கடல் மட்டத்துக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஒரு சதவீதச் சக்தியை இழக்கும். ஆக, டர்பனில் 100 கிலோவாட் தருகிற பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.6, அங்கே 83 அளவுதான் தரும். டர்போ தன் காற்றைத் தானே அமுக்கிக் கொள்வதால் இழப்பு மிகக் குறைவு. மேலே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மாதம் ஒரு தரம் போகிற குடும்பம் என்றால் டர்போவே சரி. டர்பனை விட்டு நகராதவருக்கு டர்போ இல்லாத எஞ்சினே போதும். கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு.

பெட்ரோலும் இதோடு சேர்ந்தது. ஜோஹன்னஸ்பர்க் போன்ற உயரமான உள்பகுதிகளில் ஆக்டேன் 93, 95 இரண்டும் கிடைக்கும். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் டர்போ இல்லாத பல எஞ்சின்கள் அங்கே 93-இல் குறை இல்லாமல் ஓடும். டர்போவுக்கு எந்த ஊரிலும் 95 தான். டேங்க் நிறைய 93 போட்டுக்கொண்டு வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வரைக்கும் வந்தால், கீழே வர வர அழுத்தம் கூடி, மேட்டில் மிதிக்கும்போது எஞ்சினில் சிறு கூழாங்கல் உரசுகிற மாதிரி ஒரு ஓசை கேட்கும். அது நாக்கிங். இன்றைய எஞ்சின்களில் சென்சார் அதைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பாற்றிவிடும், சக்தி குறையும். பழைய எஞ்சினில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் டேங்க் 37 லிட்டர்தான். 100 கி.மீ.க்கு 7 லிட்டர் என்று வைத்தால் 530 கி.மீ. வரும், ஜோஹன்னஸ்பர்க்கோ சுமார் 570 கி.மீ. எப்படியும் வழியில் நிறுத்தித்தான் ஆகவேண்டும். நிறுத்துகிற இடத்தில் பெட்ரோல் போடுகிறவரிடம் "95" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கைக்கு வந்த குழாயை எடுத்துவிடுவார்.

இனி டயர். நம் சாலைகளுக்கு எது பொருந்தும் என்பதை டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணே சொல்லிவிடும். 195/45 ஆர்17 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 88 மி.மீ. ஹுண்டாய் ஐ20 'என்' (N) வண்டியின் 215/40 ஆர்18 டயரில் 86 மி.மீ. டொயோட்டா ஸ்டார்லெட் 1.5-இன் 195/55 ஆர்16-இல் 107 மி.மீ. ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் இவ்வளவுதான். மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்த குழி கண்ணுக்குத் தெரியாது. 60-இல் அதில் விழுந்தால் 86 மி.மீ. டயர் ரிம்மோடு நசுங்கும். ரிம்மின் வெளிவிளிம்பு அடிபட்டால் கண்ணில் படும். உள்பக்கத்து விளிம்பு வளைந்தால் தெரியாது. வாரத்துக்கு ஒரு தரம் காற்று குறையும், 100-110-இல் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்ஸ் போட்டாலும் தீராது. சக்கரத்தைக் கழற்றிப் பேலன்ஸ் இயந்திரத்தில் சுற்றவிட்டு, உள்விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அலை அலையாக ஆடுவது தெரியும். பழைய வண்டி வாங்கும்போது நான்கையும் இப்படிச் சுற்றிப் பார்க்கச் சொல்லலாம். டயர் கடைக்காரர்கள் சின்னத் தொகைக்குச் செய்துவிடுவார்கள்.

எங்கள் கருத்து இதுதான்: டர்பனில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 16 அங்குல ரிம்முக்கு மேல் வேண்டாம். 17 இருந்தால் சமாளிக்கலாம், மாதம் ஒருமுறை காற்றைப் பார்த்தே ஆகவேண்டும். 18 என்றால் வருடத்துக்கு ஒரு டயருக்காவது பணம் எடுத்து வைத்துவிட வேண்டும். கடையில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது 18 அழகாகத்தான் இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் தாழ்த்திய வண்டிகளை விட்டு விலகச் சொல்கிறோம். நம் பேட்டைகளில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெட்டின ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. ஷாக் அப்சார்பர் பாதி தூரத்திலேயே நின்று ரப்பர் நிறுத்தியில் இடிக்கும். வேகத்தடையில் ஏறினால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும், அடுத்த மாதம் ஷாக்கிலிருந்து எண்ணெய் கசியும். சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிடுவதால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். நின்று பார்த்தால் டயர் புதிதாகத் தெரியும். குனிந்து, கையை டயருக்குப் பின்னால் விட்டு உள்விளிம்பைத் தடவினால் கம்பி விரலில் குத்தும். வண்டி பார்க்கப் போகும்போது இந்தத் தடவலை விட்டுவிடக் கூடாது. கூடவே டி.ஓ.டி. எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு எண்ணையும் பார்க்கவேண்டும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். சட்டப்படி 1 மி.மீ. ஆழம் போதும், மழைக்கு அது போதாது. 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்வோம். நான்கும் நான்கு பிராண்டாக இருந்தால், அந்த வண்டியை இதுவரை யாரும் அக்கறையாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எந்த வண்டிகள் என்று பெயர் சொல்லாமல் இதெல்லாம் அந்தரத்தில் நிற்கும். கையில் பணம் குறைவு, புதிது வேண்டும் என்பவருக்கு ஸ்டார்லெட் 1.5 அல்லது அதே எஞ்சினோடு வரும் சுசுகி பலேனோ. இரண்டும் குஜராத்திலிருந்து வருகிற வண்டிகள். 77 கிலோவாட், 138 நியூட்டன் மீட்டர், டர்போ கிடையாது, எடை ஒரு டன்னை ஒட்டி. இவற்றை ஸ்போர்ட்ஸ் வண்டி என்று யாரும் விற்பதில்லை. ஐந்து கியர் மேனுவலில் இரண்டாவதை 5,000 வரைக்கும் இழுத்துப் பாருங்கள், சுறுசுறுப்பு தெரியும். அதற்கு ஒரு படி மேலே போலோ விவோ ஜி.டி. 1.0 லிட்டர் டர்போ, ஆறு கியர் மேனுவல். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவார். திருடர்களுக்கும் அதனாலேயே பிடிக்கும். காப்பீட்டுக்காரர் டிராக்கர் போடாமல் ஏற்கமாட்டார், அந்த மாதச் சந்தாவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4, பழையதாகக் கிடைத்தால், எங்கள் முதல் தேர்வு அதுதான். குறை உண்டு: பின்னால் டிக்கி சின்னது, ஃப்ரீவேயில் டயர் இரைச்சல் அதிகம், 17 அங்குல டயர். ஆனாலும் 60-இல் இவ்வளவு உயிரோடு இருக்கும் வண்டி இந்த விலையில் வேறு இல்லை. ஐ20 'என்' ஓட்டுவதற்கு இன்னும் கூர்மை. 150 கிலோவாட், 275 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல், முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் இயந்திர லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். இது தினசரிக் குழிகளில் ஓட்டுகிறவர் முதுகையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிடும். போலோ ஜி.டி.ஐ. இதைவிட மெத்தென்று போகும், ஆட்டோமேட்டிக் மட்டும்தான். இரண்டும் புதிதில் ஐந்து லட்சம் ராண்டைத் தாண்டினவை, 'கட்டுப்படியாகும்' என்ற சொல்லுக்கு வெளியே போய்விடுகிறது.

விலையைப் பார்த்து மயங்கி வாங்கக்கூடாத ஒன்று 2010-க்குப் பிறகு வந்த 1.4 போலோ ஜி.டி.ஐ. சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்த 132 கிலோவாட் எஞ்சின், ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அந்த எஞ்சின் எண்ணெய் குடிப்பதில் பேர் வாங்கியது, பிஸ்டன் வளையப் பகுதி உடைவதும் உண்டு. கியர்பாக்ஸில் இருப்பது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். சர்க்கரைக் கரும்பு ஏற்றின லாரிக்குப் பின்னால் ஒவ்வொரு அடியாக நகரும்போது அது பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடாகும். நகரத் தொடங்கும்போது உதறினால் கிளட்ச் போகிறது. கியர் மாறாமல் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கியரை மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸ். இரண்டில் எது வந்தாலும் பில் கனமாக இருக்கும். நெரிசலில் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால், எண்ணெயில் நனைந்த கிளட்ச் உள்ள ஆறு கியர் டி.எஸ்.ஜி.யோ, டார்க் கன்வெர்ட்டர் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக்கோ பார்க்கலாம்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன், எஞ்சினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் பத்து விநாடிதான் உண்மை பேசும். சங்கிலிச் சத்தம், நீலப் புகை, ஐட்லிங் ஏறி இறங்குவது எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். பிறகு கிளட்ச். 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரைப் போட்டு, மேட்டில், முழுக்க மிதிக்க வேண்டும். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கரகரத்தால், கியர்களை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் முதலில் போவது இந்த இரண்டாவதுதான். 100-இலிருந்து அழுத்திப் பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க் சமமாக இல்லை. இது பெரிய செலவு இல்லை, பேரத்துக்குப் பயன்படுத்தலாம்.

டர்பன் வண்டிக்கு இன்னும் இரண்டு பார்வை உண்டு. ஒன்று உப்புக்காற்று: கடலோரத்தில் வெளியே நின்ற வண்டியில் பின்கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உள்மடிப்பு, எக்ஸாஸ்ட் இணைப்புகள் துருப்பிடித்திருக்கும். மற்றது வெள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கின வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் அதைக் கழுவமாட்டார்கள், சேற்றின் கோடு அங்கே அப்படியே இருக்கும். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் திருகுகளைப் பாருங்கள். பின்னால் ஸ்பேர் டயரைத் தூக்கி, அந்தக் குழியின் மூலையில் விரலை விட்டுப் பாருங்கள். மணல் இருந்தால் பேச்சே வேண்டாம். இப்படிப்பட்ட வண்டியில் எஞ்சின் ஓடும், ஆனால் ஒயர் இணைப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்து வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

ரோட்வொர்தி சான்றிதழை நம்பி எஞ்சினை வாங்கக் கூடாது. அது பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் போன்ற பாதுகாப்பைத்தான் பார்க்கிறது. டர்போவின் நிலை அதில் இருக்காது. பதிவுத் தாளில் கோட் 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி, என்று இருக்கவேண்டும். கோட் 3 என்றால் விபத்தில் அடிபட்டுத் திரும்பக் கட்டிய வண்டி; மலிவாகக் கிடைக்கும், திரும்ப விற்பது கஷ்டம், பல வங்கிகள் கடன் தராது. தாளில் உள்ள வின் என்ற சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினால் அது கிடையாது, அதற்கேற்ற விலையைத்தான் கொடுக்கவேண்டும்.

பலூன் என்று ஒன்றைச் சொல்லி, அதாவது கடனில் ஒரு பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, மாதத் தவணையைக் குறைத்துக் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,50,000 ராண்ட் கடன், 72 மாதம், வட்டி உதாரணத்துக்கு 12 சதவீதம். பலூன் இல்லாமல் மாதம் சுமார் 6,840 ராண்ட். 30 சதவீதப் பலூன் வைத்தால் சுமார் 5,840. மாதம் ஆயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆறு வருடம் கழித்து 1,05,000 ராண்டை ஒரே தடவையில் கட்டவேண்டும். மொத்தத்தில் ஏறக்குறைய 33,000 கூடுதலாகப் போகும். ஆறு வருடம் ஓடின ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு அந்த நேரத்தில் கிளட்ச், ஷாக், நான்கு டயர் எல்லாம் சேர்ந்தே வரும். ஆயிரம் ராண்ட் இடிக்கிறது என்றால் ஒரு படி கீழே உள்ள வண்டியைப் பார்ப்பதே நல்லது.

காப்பீட்டில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு தப்பு மனதை வருத்துகிறது. 22 வயது மகனுக்கு வண்டி. பிரீமியம் குறையட்டும் என்று அப்பா பேரில், 'வழக்கமாக ஓட்டுகிறவர் அப்பா' என்று எழுதிவிடுகிறார்கள். விபத்து நடந்ததும் காப்பீட்டு நிறுவனம் முதலில் விசாரிப்பது அதைத்தான். கோரிக்கையைத் தள்ளிவிட்டால் வண்டியும் போய், கடன் மட்டும் நிற்கும். தாழ்த்தினது, எஞ்சின் மென்பொருளை மாற்றினது, எக்ஸாஸ்ட் மாற்றினது எதுவானாலும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வண்டியைப் பிடிப்பதற்கு முன்பே, பார்க்கும் இரண்டு மூன்று மாடல்களுக்கும் மகனின் பெயரிலேயே பிரீமியம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்டார்லெட்டுக்கும் ஜி.டி.ஐ.க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு வண்டியையே மாற்றிக்கொள்கிற குடும்பங்கள் நிறைய.

வாங்கின முதல் வாரத்தில் எஞ்சின் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றிவிட வேண்டும், சர்வீஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. டர்போவின் தண்டு அந்த எண்ணெயின் மெல்லிய படலத்தில்தான் மிதந்து சுழல்கிறது. தினமும் ஐந்தாறு கி.மீ. மட்டும் ஓடுகிற வண்டியில் எஞ்சின் முழுக்கச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கையேடு 15,000 கி.மீ. என்று சொன்னாலும் இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு 7,500-இல் மாற்றுவது நல்லது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.